பயிற்சிக்கு வரும் வெளிநாட்டுத் தன்னார்வலரை வீட்டில் தங்க வைக்கலாமா? அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

உங்கள் ஊர்த் தொண்டு நிறுவனம், பயிற்சிக்கு வரும் வெளிநாட்டுப் பெண் ஒருவரை ஆறு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்பதாகவும், தனி அறை, கழிப்பறை, இணைய இணைப்பு எல்லாம் இருப்பதால் சரி என்று சொல்லிவிட நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அறையைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் அடுக்களையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆகவே, உங்கள் வீட்டில் சமைப்பவர் நீங்கள் இல்லை என்றும், சமைப்பவரிடம் இன்னும் பேசவில்லை என்றும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில், பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சில ஆண்டுகளுக்கு முன் பத்தொன்பது வயது ஜெர்மானியப் பெண் ஒருத்தி தன் பயிற்சிக் காலம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அந்த நாட்டில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஓராண்டு வெளிநாட்டில் தொண்டு செய்யப் புறப்படுகிறவர்கள் நிறையப் பேர். அரசே 2008 முதல் ‘வெல்ட்வேர்ட்ஸ்’ என்ற திட்டத்தின்கீழ் 18 முதல் 28 வயது வரை உள்ளவர்களுக்குப் பண உதவி செய்து அனுப்புகிறது. அங்கே பள்ளி கோடையில் முடிவதால் இவர்களில் பலர் ஆகஸ்டு, செப்டம்பரில் வந்து இறங்குகிறார்கள். நம் பக்கத்தில் அது குறுவை அறுவடையும் சம்பா நாற்றங்காலும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும் நேரம் என்பது அனுப்புகிறவர்களுக்குத் தெரியாது. வரவழைக்கிறவர்கள் அதை நினைத்துப் பார்ப்பதுமில்லை.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் காப்பி, இட்லி, சைக்கிளில் போய்ப் பேருந்து பிடித்து மன்னார்குடியில் மொழி வகுப்பு, பிற்பகல் எங்கள் ஊர் அங்கன்வாடியில் பழகுதல், இருட்டுவதற்குள் வீடு. இதில் சிரமம் எதுவும் இல்லை. காரம் குறைத்துச் சமைப்பதும் பெரிய வேலையில்லை, குழம்பில் மிளகாய்த்தூள் போடும் முன் ஒரு கரண்டி தனியே எடுத்து வைத்தால் முடிந்தது. சிரமமெல்லாம் அவள் வீடு திரும்பிய பிறகுதான் தொடங்கியது.

வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நம் வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பெண் கதவைச் சாத்தினால், ஒன்று உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். என் மாமியார் முதல் நாள் உடம்பு சரியில்லை என்று நினைத்துக் கதவைத் தட்டி மோர் கொடுத்தார். மறுநாள் கோபம் என்று நினைத்துக் கதவைத் தட்டி முறுக்கு கொடுத்தார். அவளும் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து, “நன்றி பாட்டி” என்று வாங்கிக்கொண்டு, மீண்டும் கதவைச் சாத்தினாள். பிறகு பயிற்சி ஒருங்கிணைப்பாளர் வந்து, நாள் முழுவதும் புரியாத மொழியைக் கேட்டுக்கொண்டிருப்பதால் அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் தனிமை தேவைப்படுகிறது என்று விளக்கினார். மாமியார் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நியாயந்தான் தம்பி. எனக்கும் அந்த ஒரு மணி நேரம் வேணும்னுதான் கல்யாணமான நாள்லேர்ந்து நெனைக்கிறேன். எனக்கு எந்தக் கதவு இருக்கு?”

அந்தக் கேள்விக்கு ஒருங்கிணைப்பாளரிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.

அடுத்தது பார்க்க வருகிறவர்கள். இதை எந்தப் பயிற்சிக் கையேடும் சொல்வதாகத் தெரியவில்லை. வெள்ளைக்காரப் பெண் வந்திருக்கிறாள் என்றதும் மேலத் தெரு, கீழத் தெரு, திருத்துறைப்பூண்டியிலிருந்து நாத்தனார் குடும்பம், என் கணவர் எப்போதோ கூடப் படித்தவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? அவள் குடித்த காப்பியைவிட அவளைப் பார்க்க வந்தவர்கள் குடித்த காப்பி பல மடங்கு அதிகம். நிறுவனம் கொடுத்த தங்கல் தொகை அவள் சாப்பாட்டுக்குக் கணக்காகப் போதும். ஊரார் காப்பிக்கு அதில் இடமில்லை.

அவளைக் குறை சொல்கிறேன் என்று எவரும் கிளம்பிவிட வேண்டாம். தன் தட்டைத் தானே கழுவுவேன், தன் துணியைத் தானே துவைப்பேன் என்று முதல் நாளே சொன்னவள் அவள்; விருந்தாளியைப் பாத்திரம் தேய்க்க விட்டதாக ஊர் பேசும் என்று தடுத்தவர்கள் நாங்கள்தான். அந்த மாதம் என் கணவர் பாதி இரவுகள் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் கிடந்தார். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள் என்பதால், மழை விட்டபோதெல்லாம் நெல்லைச் சாலையில் பரப்பிக் காய வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் வந்து, எங்கள் வயலில் வேலை செய்யும் பெண்களுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, நெல்லுக்குள் காலைத் தேய்த்துத் தேய்த்து வரிவரியாகக் கிளறி விட்டாள். சுணை பட்டு இரவெல்லாம் முழங்கால் வரை அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்ட மாமியார் அன்றோடு அவளை விருந்தாளிக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார். மறுநாள் காலையிலிருந்து தட்டைக் கழுவ விட்டார்.

இன்னொன்றையும் நீங்கள் முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும். சாதியை ஏன் இழுக்கிறாய் என்பவர்கள் டெல்டாவில் ஒரு மாதம் குடியிருந்துவிட்டு வந்து கேட்கட்டும். எங்கள் ஊர் அங்கன்வாடி காலனித் தெருவில் இருக்கிறது. அந்தத் தெருப் பெண்கள் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். அவளும் சாப்பிட்டுவிட்டு வந்து எங்களிடம் மகிழ்ச்சியாகச் சொன்னாள். அடுத்த நாள் உறவினர் ஒருவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “ஏம்மா, அது அங்கெல்லாம் சாப்பிட்டுட்டு நேரா நம்ம அடுக்களைக்குள்ள வருதாமே?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தத் தெருவிலிருந்துதான் வருகிறார்கள், அவர்கள் வீட்டு விசேஷங்களில் நானும் சாப்பிட்டிருக்கிறேன், நானும் அந்த அடுக்களைக்குள்தான் வருகிறேன் என்றேன். அதன்பின் அவர் காப்பிக்கு வரவில்லை. பால் கொஞ்சம் மிச்சமாயிற்று. உங்கள் வீட்டில் இப்படிக் கேட்கிற ஆள் வெளியிலிருந்து வருகிறவராக இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தால், அந்தப் பெண்ணை அழைக்காதீர்கள்.

காவல்துறைப் பதிவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் வேண்டாம். வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தெரிவிக்க வேண்டும், கடமை வீட்டுக்காரருடையது. எங்கள் காலத்தில் அதைச் சி படிவம் என்றார்கள். 2025 இல் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து படிவத்தின் பெயர் மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை. கடவுச்சீட்டு, விசா பக்கங்களின் நகலை அந்தப் பெண் வந்து சேரும் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் முதல் நாள் இரவு அலைய வேண்டியிருக்காது.

பயிற்சி முடிவில் ஒரு விழா வைத்தார்கள். மைக் பிடித்த அத்தனை பேரும் அந்தப் பெண் நம் பழக்கவழக்கங்களுக்குத் தன்னை எப்படி மாற்றிக்கொண்டாள் என்றுதான் புகழ்ந்தார்கள். உண்மைதான், மாற்றிக்கொண்டாள். எழுபது வயதுக்கு மேல் தன் சமையலின் காரத்தையும், கதவைத் தட்டும் பழக்கத்தையும், அடுக்களையின் சட்டத்தையும் மாற்றிக்கொண்ட என் மாமியார் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடையை என் கணவருக்குப் போர்த்தினார்கள். அவர் நல்லவர், அதைக் கொண்டுவந்து அம்மாவின் தோளில் போட்டார். ஆனால் படம் எடுப்பவர் அதற்குள் போய்விட்டார்.

ஒப்புக்கொள்ளலாமா என்றால், சமைப்பவர் சரி என்றால் தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். அறுவடை மாதத்தைத் தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள். தங்கல் தொகை எவ்வளவு என்பதோடு, அது யார் கையில் வரும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது என் கணவரின் வங்கிக் கணக்குக்குப் போனது. பால்காரருக்கு நான் கொடுத்தேன்.