காரைக்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். குறைந்த செலவில் நண்பர்களுக்கு வீட்டிலேயே விருந்து வைப்பது எப்படி?

வேலைக்காகக் காரைக்குடி வந்து மாடி போர்ஷனில் குடியிருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அழைக்க ஆசை, கையில் 2,500 ரூபாய். செட்டிநாட்டில் இருந்துகொண்டு பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் கொடுப்பதா என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள்.

பொட்டலம் வேண்டாம். அந்தப் பணத்தில் நிறைவாகச் செய்யலாம், மிச்சமும் பிடிக்கலாம். நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான். மாதக் கடைசியில்கூட வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இங்கே விருந்து என்றதும் கல்யாண வீட்டு மதியச் சாப்பாடுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நுனி இலை, அதில் இடம் இல்லாத அளவுக்குக் கூட்டும் பொரியலும் பச்சடியும், அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் மண்டியும். அந்த அளவுக்கு நம்மால் முடியாதே என்று நினைத்தே பல பேர் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. ஓட்டலில் கூடி, சாப்பிட்டு, பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒருவர் வீட்டு வாசற்படியை மிதிக்காமலே பத்து வருடம் நண்பர்களாக இருப்பது என்ன பழக்கம்?

அதே கல்யாண வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிப் பலகாரத்துக்கும் நடுவில், நாலு நாலரை மணிவாக்கில், இடைப் பலகாரம் என்று ஒன்று போடுவார்கள். ஒரு இனிப்பு, ஒரு காரம், தொட்டுக்கொள்ள ஏதாவது, காபி. அவ்வளவுதான். பந்திக்கு இடம் பிடிக்கும் அவசரம் அப்போது யாருக்கும் இருக்காது. வீட்டு முன்பக்கத்து முகப்பில் நாலு பேர், உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் ஆறு பேர் என்று உட்கார்ந்து, எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பதுவரை பேசி முடிப்பது அந்த நேரத்தில்தான். உங்கள் வீட்டு விருந்துக்கு அதை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு வரச் சொல்லுங்கள். கூப்பிடும்போதே "பலகாரத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால், சோறு கறி எதிர்பார்த்து யாரும் வரமாட்டார்கள்.

என்ன பலகாரம்? சூடாக, அவர்கள் கண்முன்னால் செய்யக்கூடிய ஒன்றே ஒன்று. ஐந்து வகையைக் காலையிலிருந்து செய்து ஆறவைத்துப் பரிமாறுவதைவிட, அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் ஒரு பண்டம் எவ்வளவோ மேல். செலவும் பாதியாகும். நான் சொல்வது குழிப்பணியாரம்.

வெள்ளைப் பணியாரம் போடுங்களேன், அதுதானே இந்த ஊர்ச் சிறப்பு என்று யாராவது சொல்வார்கள். ருசியில் அதற்கு ஈடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆழாக்கு நிறையப் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குவித்து, அந்த அளவில் ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்டி, புளிக்கவிடாமல் உடனே ஊற்ற வேண்டும். எண்ணெய்ச் சட்டியில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, சிவக்கவிடாமல் எடுக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்குச் சுட்டு முடிப்பதற்குள் கூப்பிட்ட நீங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். நாலு பேர் வரும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

குழிப்பணியாரத்துக்கு அரைக் கிலோ பச்சரிசி, அரைக் கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இந்த அளவுக்கு நூறு பணியாரத்துக்குக் குறையாமல் வரும், ஆளுக்கு எட்டு. நாலு மணி நேரம் ஊறினால் போதும். சித்திரை வைகாசி என்றால் காலை ஒன்பது மணிக்கு ஆட்டி வைத்த மாவு நாலு மணிக்குப் பொங்கி நிற்கும். மார்கழி என்றால் முதல் நாள் ராத்திரியே ஆட்டிவிடுங்கள். மாவு சற்றுப் புளித்தாலும் பரவாயில்லை, பணியாரத்துக்கு அது நன்றாகவே இருக்கும். கடுகு, உளுத்தம்பருப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், எல்லாம் வதக்கி மாவில் கொட்டிக் கலக்க வேண்டும். தேங்காய்ப் பல்லை மிச்சம் பிடிக்காதீர்கள், கடிபடும்போது அதுதான் ருசி.

இனி முக்கியமான விஷயம். அடுப்பைச் சமையலறையில் வைக்காதீர்கள். சின்ன கேஸ் அடுப்பு ஒன்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள், காற்றுக்கு மறைப்பாகக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வையுங்கள். ஏழு குழிப் பணியாரக்கல் இரண்டு வேண்டும். ஒன்று உங்களிடம் இருக்கலாம், இன்னொன்று கீழ்வீட்டு ஆச்சியிடம் கட்டாயம் இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய்க் கேட்டால் கல்லோடு நிறுத்த மாட்டார்கள். "கல்லை நல்லாக் காய விடு ஆத்தா, காயாமெ ஊத்துனா ஒட்டிக்கிரும். எண்ணெயக் கண்ணுல காட்டுனாப் போதும்" என்று சொல்லித்தான் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சொல் அப்படியே சரி. குழிக்குக் கால் ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு முக்கால் குழிக்கு மாவு ஊற்ற வேண்டும். ஊற்றியதும் ஓரத்தில் சுர்ரென்று சின்னச் சின்னக் குமிழி வரும். மூடிவைத்து ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் மேல்மாவு ஈரம் வற்றி, ஓரம் கல்லிலிருந்து தானாக விலகியிருக்கும். கம்பியை அந்த விலகிய ஓரத்தில் நுழைத்துச் சுற்றினால் முழுப் பணியாரமும் ஒரே உருட்டில் திரும்பும், அடிப்பக்கம் பொன்னிறமாக மேலே வரும். விலகாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கம்பியால் குத்தினால் பிய்ந்துதான் வரும், கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இந்தத் திருப்பும் வேலையைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. "நான் ஒண்ணு திருப்பட்டா?" என்று ஒருவர் கேட்பார், அடுத்தவர் கம்பியைப் பிடுங்குவார். அலுவலகத்தில் தலையாட்டிவிட்டுப் போகிற ஆள்கூட அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். வெளியூர்க்காரர்களுக்குத்தான் இதில் ஆசை அதிகம். ஒரு ஈடு வேக ஐந்து நிமிடம், இரண்டு கல்லில் பதினாலு. அப்படியென்றால் முக்கால் மணி நேரத்துக்குள் நூறையும் சுட்டுவிடலாம், அதுவும் பாதியை நீங்கள் சுட்டிருக்க மாட்டீர்கள்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயில் காலத்தில் மாடியில் இரண்டு மணி நேரத்தில் ஊசிப்போகும். வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு சேர்த்து அரைத்து நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ச் சட்னி காலையில் அரைத்தாலும் ராத்திரிவரை நிற்கும். காரம் தாங்காதவர்களுக்குக் கத்திரிக்காய் கோஸ்மல்லி. ஒன்றரைக் கிலோ கத்திரிக்காய், இரண்டு உருளைக்கிழங்கு வேகவைத்து மசித்து, கடுகு தாளித்து, வெங்காயம் தக்காளி மிளகாய் வதக்கி, நீர்க்கக் கரைத்த புளி விட்டு ஒரு கொதி. சந்தை நாளில் கத்திரிக்காய் வாங்கினால் இது ஒரு செலவே இல்லை.

கறி இல்லாமல் எப்படி என்று இரண்டு பேராவது கேட்பார்கள். பன்னிரண்டு பேருக்குக் கோழி வறுவல் என்றால் குறைந்தது இரண்டரைக் கிலோ வேண்டும். மசாலா, எண்ணெய் எல்லாம் சேர்த்தால் உங்கள் பணத்தில் ஒரு நல்ல பங்கு அதிலேயே போய்விடும். அதற்குப் பதில் ஒரு டஜன் முட்டையை உடைத்து வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை, உப்புப் போட்டு அடித்து அதே கல்லில் ஊற்றுங்கள். ஒரு முட்டைக்கு இரண்டு குழி வரும். வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே பஞ்சாக இருக்கும். சைவக்காரர்கள் இருந்தால் எல்லாப் பணியாரமும் சுட்டு முடிந்தபிறகு கடைசி ஈடாக ஊற்றுங்கள், அல்லது ஒரு கல்லை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். கேட்காமலே இதைச் செய்தால் அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

இனிப்புக்கு மட்டும் கொஞ்சம் பெருமையான பண்டமாக வையுங்கள். கவுனி அரிசி. பர்மாவுக்கு வட்டிக்கடை வைக்கப் போன நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வழியாக இந்த ஊருக்கு வந்ததாகச் சொல்லப்படும் கறுப்பரிசி. இங்கே நகரத்தார் வீட்டு விசேஷத்தில் இது இல்லாமல் இருக்காது. கிலோ விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம், உங்களுக்குத் தேவை கால் கிலோதான். குக்கரில் மூன்று மடங்கு தண்ணீர் விட்டு ஏழெட்டு விசில், பிறகு சர்க்கரை, துருவிய தேங்காய், இரண்டு கரண்டி நெய், ஏலக்காய். ஊதாவும் கறுப்புமாக மினுங்கிக்கொண்டு நிற்கும். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வரும், அதற்கு மேல் யாராலும் சாப்பிடவும் முடியாது. வடக்கே இருந்து வந்த நண்பர் யாராவது இருந்தால் அவரைத்தான் முதலில் கவனியுங்கள், மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்வார்.

குடிக்க நன்னாரி சர்பத். 700 மில்லி பாட்டில் ஒன்றில் இருபது டம்ளருக்கு மேல் கலக்கலாம், எலுமிச்சம்பழம் பிழிந்து, ஊறவைத்த சப்ஜா விதை ஒரு ஸ்பூன் போட்டால் ஜோராக இருக்கும். கூடவே ஒரு பானை நீர்மோர். கலையும் நேரத்தில் டீ. வந்தவுடன் கொறிக்க அரைக் கிலோ தேங்குழல் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல பலகாரக் கடைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

தட்டு, டம்ளர், ஜமுக்காளம் எல்லாம் வாடகைப் பாத்திரக் கடையில் ஒருநாள் வாடகைக்குக் கிடைக்கும். தட்டின் மேல் வாழை ஏடு போட்டுவிட்டால் கழுவும் வேலையும் மிச்சம், பிளாஸ்டிக் தட்டு வாங்கும் காசும் மிச்சம். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அழகழகான எனாமல் தட்டுகளும் தூக்குகளும் இருக்கும். பார்த்தால் வாங்கத் தோன்றும், ஆனால் இந்த வேலைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள். வீட்டுக்காரர் பழைய வளவு வீட்டைத் திறந்துவிடுகிறேன் என்று சொன்னால் அதிர்ஷ்டம்தான், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்தால் வைகாசியிலும் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் அங்கே அடுப்பு வைக்காதீர்கள். அது சிமெண்டில் வார்த்த கல், புளியோ எலுமிச்சைச் சாறோ பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். கெடுவது அடுத்தவர் வீடு.

வீட்டுக்காரரிடம் மாடிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் ஈட்டில் ஒரு கிண்ணம் கீழ்வீட்டுக்குப் போகட்டும், ஆச்சியையும் மேலே வரச் சொல்லுங்கள். வந்தால் பணியாரம் இன்னும் நன்றாக வரும்.

ஆட்டம் பாட்டம் வேண்டும் என்று ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்காதீர்கள். மாடித் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போடுங்கள். நாலு பக்கம், பக்கத்துக்கு மூன்று பேர், பன்னிரண்டு பேரும் ஆட்டத்தில் இருப்பார்கள். தாயக்கட்டை இல்லையென்றால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெளுக்கத் தேய்த்துப் போடலாம், சோழியும் ஆகும். முதல் தாயம் விழும்வரை காய் இறங்காது என்பதால் ஆரம்பத்திலேயே கூச்சல் கிளம்பிவிடும். வெட்டுப்படும்போது மேலாளர், பயிற்சிக்கு வந்தவர் என்ற வித்தியாசமெல்லாம் இருக்காது.

என்ன வாங்கி வரட்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள். "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லாதீர்கள், எல்லாரும் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸோடு வந்து நிற்பார்கள். ஒருவரிடம் ஐஸ் கட்டி, ஒருவரிடம் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒருவரிடம் இன்னொரு கேஸ் அடுப்பு என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

கணக்குக்கு வருவோம். அரிசி, உளுந்து, எண்ணெய், நெய், காய்கறி, முட்டை, கவுனி, சர்பத், தயிர், பால், தேங்குழல், இலை எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய்க்குள் பார்த்துவிடலாம். பாத்திர வாடகை ஒரு முந்நூறு வையுங்கள். சின்ன வெங்காயம் எகிறியிருக்கும் நாளில் பெரிய வெங்காயத்தைப் பாதி கலந்துகொள்ளுங்கள், சட்னிக்கு மட்டும் சின்ன வெங்காயம்தான் வேண்டும்.

கவுனி அரிசியைச் சனிக்கிழமை ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் ஊறப்போட்டால் எத்தனை விசில் விட்டாலும் நறுக் நறுக்கென்றுதான் இருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதிலேயே வேகவைத்தால்தான் அந்த நிறம் நிற்கும்.