மூடி போட்ட ஒரு வாளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி முடித்துவிட்டு, வேலையில் சேருவதற்கு முன் இரண்டு மாதம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். நாற்பது பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள். குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். 500 லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பும். அன்றைக்கு அவ்வளவுதான். பாடம் சொல்லிக்கொடுக்க வந்தேன், பாதி நாள் வாளி தூக்குவதிலேயே போய்விடுகிறது. தண்ணீர் சிக்கனம் பற்றிப் படங்கள் வரைந்து சுவரில் ஒட்டினேன், ஒரு வகுப்பும் எடுத்தேன். பிள்ளைகள் பேசாமல் கேட்டுக்கொண்டார்கள். ஒரு சிறுமி சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. "மிச்சம் பிடிக்கிறேன் அக்கா" என்கிறாள். பெருமையாகவும் இருக்கிறது, என்னவோ உறுத்தவும் செய்கிறது. நண்பர்களிடம் பணம் திரட்டி ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கலாமா? மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். உருப்படியாக எதுவும் செய்யவில்லையே என்ற எண்ணம் தூங்க விடுவதில்லை.

ஒரு வாசகி

---

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் சிறுமியிடமிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு உறுத்தியது சரியாகத்தான் உறுத்தியிருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஓர் இல்லத்துக்கு வார இறுதிகளில் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே எட்டு வயதுப் பையன் ஒருவன் நான்கு மணிக்கு மேல் டம்ளரைத் தொடமாட்டான். விளையாடிவிட்டு உதடு காய்ந்து வருவான், மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு நாள் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "இவனுக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்கள்" என்று பாராட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். "அவன் ராத்திரி படுக்கைய நனைச்சிடுவான் தம்பி. நனைஞ்ச போர்வைய அலசணும்னா மறுநாள் குழாய் வரணும். அதுவரைக்கும் பக்கத்துல படுத்த பசங்க மூக்கப் பொத்திக்குவாங்க. அதுக்குப் பயந்துதான் குடிக்கிறதில்ல." ஒரு குழந்தையின் பயத்தை நான் ஊர் கூட்டிப் பாராட்டியிருக்கிறேன். அந்தக் குனிந்த தலை இன்றும் கண் முன்னால் வருகிறது.

அதன் பிறகு அந்த அம்மா அதற்கு ஒரு வழி செய்தார். சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு வாளி. பகலிலேயே நிரப்பி, அலுமினியத் தட்டால் மூடி, மேலே ஒரு கல்லை வைத்திருப்பார். விடிவதற்கு முன்னால், மற்றவர்கள் எழுவதற்குள் அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார். கால் கழுவி, டிரவுசர் மாற்றி, போர்வையை அந்தத் தண்ணீரிலேயே முக்கிப் பிழிந்து, பின்பக்கக் கொடியில் போட்டுவிடுவார். எல்லாம் பத்து நிமிடம். பிறகு அவன் தன் இடத்தில் வந்து படுத்துக்கொள்வான், மற்றவர்களோடு சேர்ந்து 'எழுந்திருப்பான்'. அந்த வாளியிலிருந்து யாரும் ஒரு சொட்டு எடுக்க மாட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

தண்ணீர் இல்லாத இடத்தில் எல்லாருக்கும் ஒரே அளவாகக் குறைவதில்லை. இதை அந்த வாளியிடம்தான் கற்றேன். பெரிய பையன்கள் முண்டியடித்து வரிசையில் முன்னால் போய்விடுவார்கள். வந்த விருந்தாளிக்கு யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்குத்தான் இல்லாமல் போகும். படுக்கையை நனைப்பவன், மாதவிலக்கு வந்த பெண், வயிற்றுப்போக்கை வெளியே சொல்லாத பிள்ளை, சிரங்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்கிற பிள்ளை, மக்கைத் தூக்கக்கூட வலுவில்லாத கடைசிக் குட்டி.

உங்கள் சிறுமிக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. போர்வையாக இருக்கலாம். இருட்டில் கழிப்பறைக்குப் போகப் பயமாக இருக்கலாம். சாயங்காலத்துக்கு மேல் கழிப்பறையில் ஊற்றத் தண்ணீரே இல்லாமலும் இருக்கலாம். அவளிடம் நேராகக் கேட்டுவிடாதீர்கள். அங்கேயே இருக்கிற பெரியவர்களில் அவள் யாரிடம் ஒட்டுவாளோ அவரிடம் முதலில் பேசுங்கள். தள்ளிப்போட வேண்டாம். தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் பழகிய குழந்தைக்கு மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். மலச்சிக்கல் இருந்தால் படுக்கையை நனைப்பது இன்னும் அதிகமாகும். எதற்குப் பயந்து குடிக்காமல் இருக்கிறார்களோ அதுவே கூடிப்போகிறது. பகல் முழுக்கச் சீராகக் குடிக்க வைத்து, படுப்பதற்கு முன் ஒரு தடவை கழிப்பறைக்கு அனுப்புங்கள். படுக்கை நனைவது நிற்கவில்லையென்றாலும், வலியோ காய்ச்சலோ இருந்தாலும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சரி, அந்தப் படங்களுக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த கணக்கையே போட்டுப் பாருங்கள். 500 லிட்டர், 45 பேர். தலைக்கு 11 லிட்டர். பேரிடர் முகாம்களுக்கான ஸ்ஃபியர் கையேடு ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. அதுவும் வீடு வாசல் இழந்து கூடாரத்தில் இருப்பவர்களுக்கு. சாதாரண நாட்களுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என்று எல்லாவற்றையும் 11 லிட்டருக்குள் முடிக்கிற பிள்ளைகளுக்குச் சிக்கனத்தைப் பற்றிச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? அவர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டது மரியாதைக்காக. படங்களைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் அன்பாகத்தான் வரைந்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இரவில் நனைந்துவிட்ட ஒரு பிள்ளை காலையில் அந்தச் சுவரைத் தாண்டித்தான் குழாயடிக்குப் போகவேண்டும்.

கைகழுவுவதில் மட்டும் சிக்கனத்தின் பேரில் கைவைக்க வேண்டாம். சோப்புப் போட்டுத் தேய்ப்பதற்குத் தண்ணீர் அதிகம் தேவையில்லை, கொட்டிக்கொண்டே இருக்கும் குழாய்தான் தண்ணீரைத் தின்னும். 1980களில் ஜிம்பாப்வேயில் உருவான 'டிப்பி டேப்' என்று ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் கேனில் மேல்பக்கமாகச் சிறு துளை போட்டு, குறுக்குக் கம்பில் தொங்கவிட்டு, ஒரு கயிறு கட்டித் தரையில் மிதிகட்டை வைத்துவிட்டால் போதும். காலால் மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய தாரையாக விழும், காலை எடுத்தால் நின்றுவிடும். அழுக்குக் கையால் எதையும் தொடவேண்டியதில்லை. பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் செய்துவிடலாம். துளை பெரிதானால் என்ன ஆகும், சிறிதானால் என்ன ஆகும் என்று அவர்களே போட்டுப் பார்ப்பார்கள். பாடம் எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டீர்களே, இதுவும் பாடம்தான். அப்புறம், குடிநீர்ப் பானைக்கு மூடியும் நீளக் கைப்பிடி வைத்த அகப்பையும் இருக்கிறதா பாருங்கள். கைவிட்டு மொள்ளும்போதுதான் நல்ல தண்ணீரும் கெட்டுப்போகிறது.

ஆழ்துளைக் கிணறு பற்றி. பணம் திரட்டுவதற்கு முன்னால் இல்லத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒழுகும் குழாய் எத்தனை? விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் ஏறத்தாழ 20 லிட்டர், அதாவது உங்கள் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு பிள்ளைகளின் பங்கு. ஒரு வாஷர் மாற்றினால் தீர்கிற விஷயம். கூரையைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழுகிறது. சேதாரம் போக 800 லிட்டர் பிடித்தாலும் ஒன்றரை நாள் தண்ணீர். குளித்த தண்ணீரும் அலசிய தண்ணீரும் கழிப்பறைக்குப் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா? இதையெல்லாம் பார்த்த பிறகும் கிணறுதான் வழி என்றால், முதலில் நிலத்தடி நீர் தெரிந்தவரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். மோட்டார் ரிப்பேரானால் யார் பார்ப்பார்கள், மின்கட்டணம் யார் கட்டுவார்கள் என்று இல்லத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களிடம் பதில் இருந்தால் தாராளமாகத் திரட்டுங்கள், நானும் என்னால் ஆனதைத் தருகிறேன்.

வாளி தூக்குவதில் பாதி நாள் போகிறது என்கிறீர்கள். பத்து லிட்டர் வாளியில் 500 லிட்டர் என்றால் ஐம்பது நடை. நீங்கள் வருவதற்கு முன் அந்த ஐம்பது நடையை யார் நடந்தார்கள்? அங்கிருக்கும் அம்மாக்களும் பெரிய பெண்பிள்ளைகளும்தான் நடந்திருப்பார்கள். நீங்கள் இருபது நடை நடந்தால் ஒரு பெண் அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறப்பாள், ஓர் அம்மா கொஞ்ச நேரம் உட்காருவார். உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த மூன்று வாரம்தான். குழந்தைகள் இல்லங்களுக்கு வந்து, பாசம் காட்டி, சட்டென்று போய்விடுகிறவர்களால் பிள்ளைகளுக்குக் காயம் உண்டாகிறது. இத்தகைய தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானத்தில் சொல்லியிருக்கிறது. உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. கிளம்பும் தேதியை இன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நாட்காட்டியில் அவர்களே குறித்துக்கொள்ளட்டும். திரும்பி வருவது நிச்சயம் இல்லையென்றால் வருவேன் என்று சொல்லாதீர்கள். எந்தப் பிள்ளையும் உங்களிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளாதபடி, இரவில் தூங்க வைப்பது, அழுதால் தூக்குவது போன்ற வேலைகளை நிலையாக இருப்பவர்களிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் தண்ணீர்ப் பக்கம் நில்லுங்கள்.

இன்று சாயங்காலமே ஒரு வாளியை நிரப்பி மூடிவையுங்கள். எங்கே இருக்கிறது, எதற்கு என்று அங்கேயே தங்குகிற ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மூன்று வாரமும் அவரோடு சேர்ந்தே நிரப்புங்கள், கடைசி வாரம் அவர் நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஊருக்குப் போனதும் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அந்தச் சிறுமி ராத்திரிச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கிறாளா என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பேன்.

அன்புடன்.