பைக்கில் மண்டையோடு ஒட்டுவது அபசகுனமா?

மியான்மரின் மௌல்மீனில் உங்கள் மகன் பைக் டேங்கில் மண்டையோட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, ‘இது அபசகுனம் இல்லையா, பசங்களுக்கு இதில் அப்படி என்ன பிடிக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள் அக்கா. பயப்படாதீர்கள்.

இது பைக்குக்குப் போர்க்களத்திலிருந்து வந்த சின்னம். 1759-ல் உருவான பிரிட்டிஷ் 17-வது குதிரைப்படை, மண்டையோட்டோடு ‘மகிமை அல்லது மரணம்’ என்ற பொருளில் சின்னம் அணிந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களிலும் மண்டையோடு வரைந்தார்கள். ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர் மோட்டார்சைக்கிள் கிளப்புகளில் சேர, அதுவும் கூடவே வந்தது. 1948-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார்சைக்கிள் கிளப்புக்கு இறக்கை முளைத்த மண்டையோடுதான் சின்னம். அந்தச் சின்னத்தை மட்டும் மகன் ஒட்ட வேண்டாம், அது அவர்களுக்கு உரியது.

காரில் போகிறவனைச் சுற்றித் தகரமாவது இருக்கிறது. பைக்கில் போகிறவனுக்கு அதுவும் கிடையாது. சாவு பக்கத்தில் இருப்பது தனக்குத் தெரியும் என்று வெளிப்படையாகக் காட்டும்போது மனசுக்கு ஒரு தைரியம் வருகிறது. எனக்கு இதுதான் முக்கியமான காரணமாகப் படுகிறது. நமக்கு இது புதிதும் இல்லை. நாம் கும்பிடுகிற காளி கழுத்தில் மண்டையோட்டு மாலை, சிவன் கையில் கபாலம். அபசகுனம் என்றா விலகி நிற்கிறோம்?

என் தம்பி வண்டியிலும் ஒன்று இருக்கிறது. தினமும் கைலியும் முழங்காலும் உரசி உரசித் தாடையும் பல்லும் தேய்ந்துவிட்டன. கண்குழி இரண்டும்தான் மிச்சம். புதிதாக ஒட்டித் தரட்டுமா என்றால் வேண்டாம் என்கிறான்.