இரைபிடி மிட்ஜ்: இனம் காண்பதும் விவரிப்பதும் – கேள்வி பதில்

கேள்வி: குளத்தின் மேல் கூட்டமாகப் பறந்த பூச்சிகளில் ஒன்று இன்னொன்றின் தலையில் வாயைப் பதித்திருந்தது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. எது எது?

பதில்: படத்தில் இறகு போன்ற உணர்கொம்போடு தொங்குவது கைரோனோமிடே குடும்பத்து ஆண். அதைப் பிடித்திருப்பது செராட்டோபோகோனிடே குடும்பத்துப் பெண், அதுதான் இரைபிடி மிட்ஜ். மிட்ஜ் என்பது கொசு போன்ற சிறு ஈ. இந்தப் பெண்கள் ஆண்களின் பறக்கும் கூட்டத்துக்குள் நுழைந்து ஒன்றைப் பிடித்து, தலையைக் குத்தி உமிழ்நீரைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிவிடும். சில பேரினங்களில் இணைசேரும் ஆணே இரையாகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இறக்கைகள் முதுகின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாகக் கிடந்தால் பெரும்பாலும் செராட்டோபோகோனிட். கூரை போல் சரிந்திருந்து முன்கால்களும் தூக்கியிருந்தால் கைரோனோமிட். சந்தேகம் வந்தால் இறக்கையின் நடு நரம்பைப் பாருங்கள். முன்னதில் அது இரண்டாகக் கிளைக்கும், பின்னதில் கிளைக்காது.

கேள்வி: நம்மைக் கடிக்குமா?

பதில்: இந்த இரைபிடிகள் கடிக்காது. இவற்றின் தாடைப் பற்கள் பூச்சியின் தோலைக் கிழிப்பதற்கான முரட்டுப் பற்கள். இரத்தம் குடிப்பது குலிகாய்டிஸ் முதலான வேறு பேரினங்கள். அவை இன்றைய பேச்சில் இல்லை.

கேள்வி: இரைபிடிப் பேரினங்களில் இது பெஸ்ஸியாவா, பால்போமையாவா? எப்படிப் பிரிப்பது?

பதில்: இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி, நரம்புகளால் சூழப்பட்ட ஆரை அறை பெஸ்ஸியாவில் ஒன்று, பால்போமையாவில் இரண்டு. ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். புரோபெஸ்ஸியா என்ற இன்னொரு பேரினத்திலும் ஓர் அறைதான். அதில் தொடையின் அடிப்பக்கத்தில் முட்கள் இருக்காது. பாதத்தின் ஐந்தாம் கணுவின் அடியில் மொட்டையான கறுப்பு முட்கள் வரிசையாக இருக்கும். பெஸ்ஸியாவில் குறைந்தது முன்தொடையிலாவது முட்கள் பெரும்பாலும் உண்டு. அவை எளிதில் உதிர்ந்துவிடும் என்பதால் முள்ளை மட்டும் தேடாமல், முள் இருந்த குழியையும் தேடி இரண்டு கால்களிலும் எண்ணுங்கள். ஒரே பூச்சியின் இடக்காலில் மூன்று, வலக்காலில் இரண்டு இருப்பது சாதாரணம்.

அளவுகளில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இறக்கை நீளத்தை உடலோடு சேரும் மூட்டிலிருந்து அளக்கக் கூடாது, ஆர்க்குலஸ் என்ற குறுக்கு நரம்பிலிருந்து நுனி வரை அளக்க வேண்டும். கோஸ்டா விகிதத்துக்கும் அதே தொடக்கப் புள்ளிதான்: முன்விளிம்பில் ஓடும் கோஸ்டா நரம்பின் நீளத்தை இறக்கை நீளத்தால் வகுக்கவும். பெண்ணின் உணர்கொம்பு விகிதம், கசைப்பகுதியின் (உணர்கொம்பின் நுனிப் பக்கக் கணுக்கள்) கடைசி ஐந்து கணுக்களின் மொத்த நீளத்தை அதற்கு முந்தைய எட்டின் நீளத்தால் வகுத்தால் வருவது. சராசரியை மட்டும் கொடுத்தால் போதாது. வீச்சையும், எத்தனை மாதிரிகள் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: ஸ்லைடு செய்தால் வயிறு கறுப்பாகவே இருக்கிறது. பெண் விந்தைச் சேமித்துவைக்கும் விந்துப்பைகள் தெரியவில்லை.

பதில்: வயிற்றை மட்டும் தனியே வெட்டி எடுத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் பார்த்து, தெளிந்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கூடுதலாக ஊறினால் விந்துப்பைகளின் நிறம் வெளுத்துப்போகும்; வயிற்றுக்குள் இருக்கும் கம்பி போன்ற சுரப்பி உறுப்புகளான சுரப்பிக் கம்பிகளும் மங்கிவிடும். அந்தக் கம்பிகள் எத்தனை ஜோடி, எவ்வளவு நீளம் என்பது பால்போமையாவிலும் பெஸ்ஸியாவிலும் முக்கியம். பிறகு தண்ணீர், சில துளி அசெட்டிக் அமிலம், 70, 90, முழு ஆல்கஹால், கிராம்பு எண்ணெய், கனடா பால்சம் (ஸ்லைடில் பொருத்தும் பிசின்) என்ற வரிசையில் போகலாம்.

இல்லையென்றால் 1968இல் விர்த், மார்ஸ்டன் இருவரும் வெளியிட்ட ஃபீனால்-பால்சம் முறை. ஆல்கஹாலிலிருந்து எடுத்த பூச்சியைத் திரவ ஃபீனாலில் தெளிய வைத்து, ஃபீனால் கலந்த பால்சத்தில் தலை, மார்பு, இறக்கை, வயிறு எல்லாவற்றையும் ஒரே ஸ்லைடில் தனித்தனிச் சிறு கவர் கிளாஸின் கீழ் வைப்பது. வயிற்றை அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். மார்பு தடிமனாக இருப்பதால் கவர் கிளாஸ் சாயும். ஓரத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்றைத் தாங்கலாகக் கொடுங்கள். ஃபீனால் தோலைச் சுடுவதோடு மரத்துப்போகவும் வைக்கும். காயம் பட்டதே தெரியாது, உடலுக்குள்ளும் ஊடுருவும். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள்.

பூச்சியைப் போட்ட குப்பியிலேயே, ஆல்கஹாலுக்குள், பென்சிலால் எழுதிய லேபிளும் இருக்க வேண்டும்: இடம், ஆயத்தொலைவு, தேதி, பிடித்த முறை, பிடித்தவர். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

கேள்வி: பால்சத்துக்குப் பதில் ஹோயர் ஊடகத்தில் ஸ்லைடு செய்தால் போதாதா? வேலை சுலபம்.

பதில்: பார்த்துவிட்டு எறிவதற்குப் போதும். நாளடைவில் படிகமாகிவிடும், வகைமாதிரிக்கு (ஓர் இனப்பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மாதிரி) வேண்டாம்.

கேள்வி: செல்போன் படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன இனம்?

பதில்: குடும்பம் சொல்லலாம், இனம் சொல்ல முடியாது. இதே கேள்வி இன்று பலமுறை வந்துவிட்டது. இறக்கை, பாத நகங்கள், பிறப்புறுப்பு மூன்றும் ஸ்லைடில் தெரியாமல் இனப்பெயர் கேட்காதீர்கள்.

கேள்வி: ஸ்லைடெல்லாம் பழைய காலத்து வேலை. சிஓஐ பார்கோடு (இனம் காண உதவும் ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் டிஎன்ஏ வரிசை) எடுத்தேன், எந்தத் தரவுத்தளத்திலும் பொருந்தவில்லை. புதிய இனம் என்று எழுதிவிடலாமே?

பதில்: பொருந்தவில்லை என்பதற்கு, அந்த இனத்தின் வரிசையை இதுவரை யாரும் பதிவேற்றவில்லை என்பதும் பொருளாகலாம். பழைய பெயர்களின் வகைமாதிரிகள் பல, பார்கோடு எடுக்கப்படாமல் அருங்காட்சியக ஸ்லைடுகளில் கிடக்கின்றன. உங்கள் பூச்சி அவற்றில் ஒன்றாக இருந்தால், நீங்கள் வைக்கும் பெயர் இணைப்பெயராகிவிடும், அதாவது ஏற்கெனவே பெயருள்ள இனத்துக்கு இன்னொரு பெயர்.

கேள்வி: 2021இல் கோஸ்டாரிக்காவின் பிராகோனிட் குளவிகளில் 403 புதிய இனங்களைப் பெரும்பாலும் பார்கோடை வைத்தே விவரித்தார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

பதில்: அந்தக் கட்டுரை இன்றும் கடும் சர்ச்சையில் இருக்கிறது. சட்டப்படி விலங்குப் பெயரிடல் விதிகள் கேட்பது, 1930க்குப் பிந்தைய பெயருக்கு வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லும் விவரணை. 1999க்குப் பிறகு வெளிப்படையாகக் குறித்த வகைமாதிரி, அது வைக்கப்படும் இடம். டிஎன்ஏ பண்பும் பண்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதிக்கு உட்படுவது வேறு, அடுத்தவர் பயன்படுத்தும்படி எழுதுவது வேறு. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்குத் தாவிய போலிப் பிரதிகளும் உண்டு, வோல்பாக்கியா பாக்டீரியாவால் மைட்டோகாண்ட்ரியா வரிசைகள் இனங்களுக்கிடையே பரவுவதும் உண்டு. ஒரே மரபணுவை நம்பினால் இரண்டிலும் ஏமாறுவீர்கள்.

இரண்டையும் செய்ய வழி இருக்கிறது. பூச்சியை அரைக்காமல், வயிற்றில் சிறு துளையிட்டு, புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ் கே நொதி கலந்த கரைசலில் 56 டிகிரி செல்சியஸில் ஊறவையுங்கள். திசு கரைந்து டிஎன்ஏ கரைசலுக்கு வந்துவிடும், வெற்றுக்கூடு தெளிந்து ஸ்லைடுக்குத் தயாராகிவிடும். வரிசையும் உடலும் ஒரே பூச்சியுடையவை. இதற்கென்றால் 95 சதவீத ஆல்கஹாலில், குளிரில் சேமியுங்கள்.

கேள்வி: முழுப் பூச்சியையும் அரைத்துவிட்டேன். குப்பியில் எண் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: அப்படியானால் வகைமாதிரி இல்லை, லேபிளும் இல்லை. அதை வைத்து எதையும் விவரிக்காதீர்கள். அதே இடத்தில் மறுபடி பிடியுங்கள். ஆண், பெண் இரண்டும் வேண்டும்.

கேள்வி: செடிகளில் அசுவினியைத் தின்னும் ஆரஞ்சு நிறப் புழுக்களும் இந்த வகையா?

பதில்: இல்லை. அவை அஃபிடோலெட்டஸ், செசிடோமையிடே குடும்பம். உயிரியல் பூச்சிக் கட்டுப்பாடு தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பெண் கிடைத்தது, லேபிள் உண்டு. விவரிக்கலாமா?

பதில்: விதி தடுக்காது; நான் காத்திருப்பேன். முட்களின் எண்ணிக்கையும் நிறமும் எவ்வளவு மாறும் என்று ஒரே பூச்சியிலிருந்து தெரியாது. மேலும் கிடைத்தால் ஒன்றை முதன்மை வகைமாதிரியாகக் குறித்து, துணை வகைமாதிரிகளைக் குறைந்தது இரண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.