பவுன் விலை ஏறியும் தங்கவயல் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: என் அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூடிய பிறகு வியாசர்பாடிக்கு வந்துவிட்டோம். இப்போது பவுன் விற்கிற விலைக்குச் சுரங்கத்தைத் திறந்தால் லாபம்தானே, ஏன் இழுத்தடிக்கிறார்கள்? அங்கே வேலைக்குப் பெயர் பதிந்து தருகிறேன் என்று ஒருவர் என் தம்பி மகனிடம் பணமும் கேட்கிறார்.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: பணம் கொடுக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் கடைசியில்.

விலை குறைவாக இருந்ததால் மட்டும் நின்ற சுரங்கம் என்றால் விலை ஏறினதும் திறந்திருக்கும். ஆனால் 2001 பிப்ரவரி 28-ல் மூடி, அப்புறம் பம்புகளும் நின்றபோது, உள்ளே தண்ணீர் ஏற ஆரம்பித்தது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், பல சுரங்கங்கள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை, அதனால் ஒரு ஷாஃப்டை (செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழியை) மட்டும் இறைத்துவிட்டு வேலையைத் தொடங்க முடியாது. வேகமாக இறைக்கவும் கூடாது, இத்தனை வருஷம் தண்ணீர் முட்டுக்கொடுத்து நின்ற சுவர், தண்ணீர் போனதும் சரியலாம். இறைத்த தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் ஏரியில் விடவும் முடியாது. இதெல்லாம் முடிந்தால்தான் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் ஓடும் இரும்புத் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா, மரத்தாங்கிகள் இற்றுப்போயினவா என்று பார்க்கவே முடியும். ஒரு கிராம் தங்கம் வெளியே வருவதற்கு முன்பே பல வருஷச் செலவு இது.

அப்புறம் ஏர் பிளாஸ்ட். அப்பா நிச்சயம் சொல்லியிருப்பார். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதால் தங்கவயலில் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், ஆள் இறங்க வேண்டுமானால் குளிர்ந்த காற்றை அனுப்பியே ஆக வேண்டும். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் இவற்றையெல்லாம் பார்க்காமல் அனுமதி தராது, தரவும் கூடாது. இதில் ஏற்படும் தாமதத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது காகித வேலையை. சுரங்கத்தை நடத்திய கம்பெனி மத்திய அரசுடையது, கனிமம் மாநிலத்துக்குச் சொந்தம், தொழிலாளர்களின் பாக்கியும் குடியிருப்பும் தனி வழக்கு. 2013-ல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய டெண்டர் விட வழிவிட்டது, 2015-ல் கனிமச் சட்டமே மாறிக் குத்தகைக்கு ஏலம் என்றாகிவிட்டது. மத்திய, மாநில அரசுகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலம் முழுக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஷாஃப்ட் தெரிந்த தொழிலாளிகளுக்கும் வயதாகிவிட்டது, அவர்கள் கைவேலையைக் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறைக்கு இடமே இல்லாமல் போனது. இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

உங்கள் சொந்தக்காரர்கள் கேள்விப்படும் 'திறப்பு' வேறு விஷயமாக இருக்கலாம். 2024-ல் கர்நாடக அமைச்சரவை சம்மதம் சொன்னது தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளுக்கு, மொத்தம் 13 மேடுகள். பழைய மண்ணை அள்ளி மிச்சத் தங்கத்தைப் பிரிக்கும் வேலை, தரைமேலேயே நடப்பது, பெரும்பாலும் இயந்திரங்கள்தான் செய்யும். ஆழத்துச் சுரங்கத்தைத் திறப்பதாக அதற்கு அர்த்தம் இல்லை.

அதனால் அந்த ஆளிடம் அரசு அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாமல் மறுபடியும் பணம் கேட்டால், பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.