டேங்க் நிறைந்திருக்கும்போது திணறும் எஞ்சின்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கிறேன். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 1946-ம் ஆண்டு பைப்பர் ஜே-3 கப் விமானம் ஒன்று வாங்கினோம், எஞ்சின் கான்டினென்டல் ஏ-65. டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் ஐந்தாறு நிமிடத்தில் எஞ்சின் திணறுகிறது. த்ராட்டிலைக் குறைத்தால் சரியாகிவிடுகிறது. பாதி டேங்க் என்றால் இருபது நிமிடம் வரை தாங்குகிறது. தரையில் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. மெக்கானிக் பிளக் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். அடுத்தது கார்புரேட்டரைக் கழற்றலாம் என்கிறார். கழற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பறக்கவும் வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது.

கப்பில் பெட்ரோல் பம்ப் கிடையாது. 12 கேலன், அதாவது சுமார் 45 லிட்டர் பிடிக்கும் டேங்க் விமானிக்கு முன்னால், கருவிப் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. குழாயிலோ வடிகட்டியிலோ அடைப்பு என்றால், டேங்கில் மட்டம் குறையக் குறையத்தான் தொல்லை கூட வேண்டும், ஏனென்றால் மேலிருந்து அழுத்தும் எடை குறைகிறது. உங்களுக்கு நடப்பது நேர்மாறு. நிறைந்த டேங்கில் சீக்கிரம் வருகிறது.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டு ஊற்றிப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் வரும், நிற்கும், மடக் மடக்கென்று மறுபடி வரும். காற்று உள்ளே போக எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை வேண்டும். கப்பில் அந்த இரண்டாவது ஓட்டை டேங்க் மூடியில் இருக்கிறது. அது அடைபட்டால் இறங்கும் பெட்ரோலுக்கு ஈடாகக் காற்று போகாது. நிறைந்த டேங்கில் மேலே உள்ள காற்று கொஞ்சம்தான், அதனால் வெற்றிடம் சட்டென்று உருவாகும். பாதி டேங்கில் காற்று அதிகம், நேரம் பிடிக்கும். த்ராட்டிலைக் குறைத்தால் கசிந்து வரும் சொற்பக் காற்றே போதுமானதாகிவிடுகிறது. தரையில் ஒரு நிமிடம் ஓட்டியதில் இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கப், புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. மூடிக்கும் சேர்த்து மூன்று கோட் அடித்திருந்தார்கள், ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. குளவி மண் வைத்து அடைத்ததையும் பார்த்திருக்கிறேன். வேறு ஏதோ விமானத்தின் மூடியை, அளவு பொருந்துகிறதே என்று போட்டு வைத்தவர்களும் உண்டு. உங்களுடையதில், பெட்ரோல் மட்டத்தைக் காட்டும் மிதவைக் கம்பி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அசல் மூடிதானா என்று முதலில் பாருங்கள்.

ஊகத்தோடு விடாமல் அளந்துவிடலாம். மெக்கானிக்கையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஹேங்கருக்கு வெளியே, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், விமானத்தையும் கேனையும் எர்த் வயரால் இணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். வாலைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்காதீர்கள், பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வால் சக்கரம் தரையில் இருந்தால் மூக்கு மேலே தூக்கியிருக்கும், அதுதான் ஏறும்போது உள்ள நிலை. டேங்க் எஞ்சினுக்குப் பின்னால் இருப்பதால் மூக்கு தூக்கினால் கார்புரேட்டரும் உயர்ந்து, பெட்ரோல் இறங்கும் உயரம் குறைகிறது. அந்த மோசமான நிலையிலும் போதுமான அளவு வர வேண்டும்.

வால்வை மூடி, கார்புரேட்டரில் நுழையும் ஓஸைக் கழற்றி, அளவு குறித்த கேனில் விட்டு வால்வைத் திறங்கள். பம்ப் இல்லாத அமைப்பில், எஞ்சின் முழு சக்தியில் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும் என்பது விதி. ஏ-65 மணிக்கு 6 கேலன் குடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், 9 கேலன் வர வேண்டும். நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 570 மில்லி. முதலில் டேங்கை நிரப்பி, மூடியை இறுக்கி, ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் குறித்துக்கொள்ளுங்கள். தாரை மெலிந்துகொண்டே போய், மூடியைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்துத் தாரை பழையபடி தடித்தால், திருடன் பிடிபட்டான்.

மூடி திறந்திருந்தும் வரத்து குறைவு என்றால், அல்லது டேங்கில் கொஞ்சமாகப் பெட்ரோல் வைத்துச் செய்யும் இரண்டாவது சோதனையில் குறைந்தால், மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக வாருங்கள்: டேங்க் வாயிலுள்ள கம்பி வலை, வால்வு, தண்ணீரும் தூசியும் தங்கும் கேஸ்கோலேட்டர் கிண்ணம், கடைசி ஓஸ். பழைய ரப்பர் ஓஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உரிந்து தொங்கும். வயதைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். கசியும் டேங்குக்கு அந்தக் காலத்தில் உள்ளே ஊற்றிப் பூசிய பூச்சும் ஏடு ஏடாகக் கழன்று வாயை மூடும். எஞ்சின் நின்றதும் மிதந்து விலகிவிடும், தடயமே இருக்காது.

கார் பெட்ரோல் போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே பெட்ரோல் பங்க்கில் கிடைப்பதில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் உண்டு. அது இந்தப் பூச்சையும் கரைக்கும், மிதவைத் தக்கை மேல் பூசிய ஷெல்லாக் அரக்கையும் கரைக்கும். சோதிப்பது சுலபம். ஒடுக்கமான கண்ணாடிக் குழாயில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கோடு போடுங்கள், மேலே ஒன்பது பங்கு பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தெளிந்தபின் தண்ணீர் கோட்டைத் தாண்டி உயர்ந்திருந்தால் எத்தனால் இருக்கிறது, அந்தப் பெட்ரோல் வேண்டாம்.

இன்னொன்று. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்புரேட்டர் ஹீட்டைப் போட்டதும் கொஞ்சம் தேவலை என்று தோன்றினால், கார்புரேட்டருக்குள் பனி பிடித்ததாக முடிவு கட்டிவிடாதீர்கள். சூடான காற்று கலவையில் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டுவதால், பெட்ரோல் பற்றாத எஞ்சினும் சிறிது நேரம் நன்றாக ஓடுவது போலத்தான் இருக்கும்.

வடிகட்டி சுத்தம் செய்வதை அமெரிக்க விதிப்படி உரிமம் உள்ள விமானியே தன் விமானத்தில் செய்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடலாம். கார்புரேட்டரைப் பிரிப்பது மெக்கானிக் வேலை. அதுவும் ஓஸ் முனையில் 570 மில்லி சீராக வந்தபின்னும் எஞ்சின் திணறினால்தான்.

மூடிதான் காரணம் என்றால் ஓட்டையைக் கம்பியால் குத்திப் பெரிதாக்காதீர்கள். பெயின்டையோ மண்ணையோ நீக்கி, வாயால் ஊதினால் தடையில்லாமல் காற்று போகிறதா என்று பார்த்துவிட்டு, அதே ஐந்து நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்புறம், மாற்றிய பழைய பிளக்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.