உங்கள் முகவர் தவறக்கூடியவரா? மாதிரியைத் தேர்வதற்கு முன் ஒரு கேள்வி

கேள்வி: பல முகவர்கள் சேர்ந்து இயங்கும் மென்பொருள் ஒன்றை எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித் தகவல் தொகுப்பு உண்டு. யாருக்கு என்ன தெரியும் என்பதைக் கிரிப்கே மாதிரியில் (சாத்தியமான நிலைமை ஒவ்வொன்றையும் ஓர் ‘உலகம்’ எனக் கொள்ளும் முறை) கணக்கிட்டால் உலகங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. லாட்டிஸ் (எந்த இரண்டு உறுப்புகளுக்கும் மீச்சிறு மேல்வரம்பும் மீப்பெரு கீழ்வரம்பும் உள்ள வரிசையமைப்பு) வழிக்கு மாறலாமா? குழுவாகச் சேர்ந்தால் தெரியவருவதை அதில் எப்படிக் கணக்கிடுவது?

பதில்: மாறலாம். நைட், பலமிடெசி, பனங்காடன், வலென்சியா நால்வரும் 2012-இல் முன்வைத்த கட்டமைப்பு உங்கள் தேவைக்குப் பொருந்தும். அதில் தகவல்கள் ஒரு லாட்டிஸாக அமைகின்றன. மேலே போகப் போகத் தகவல் கூடும். அடியில் வெற்றுத் தகவல், உச்சியில் முரண்பாடு. முகவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘வெளி’ (அவருடைய தகவல் இருக்கும் இடம்), அதற்கொரு ‘வெளிச் சார்பு’. ஒரு தகவலை அதில் இட்டால், ‘இவருடைய வெளியில் இது இருக்கிறது’ என்ற இன்னொரு தகவல் கிடைக்கும். விதிகள் இரண்டுதான்: வெற்றுத் தகவலை இட்டால் வெற்றுத் தகவலே வர வேண்டும், இரண்டு தகவல்களைச் சேர்த்து இட்டாலும், தனித்தனியே இட்டுப் பின் சேர்த்தாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும். மோடல் தர்க்கம் (‘தெரியும்’, ‘கட்டாயம்’ போன்றவற்றைக் கையாளும் தர்க்கம்) அறிந்தவர்களுக்கு இது அதன் அடிப்படையான ‘கே’ முறைமையின் மறுவடிவம் என்று தெரிந்துவிடும்.

இதை ‘அறிவு’ ஆக்க இன்னும் இரண்டு நிபந்தனைகள் தேவை. சார்பின் விடையில் இட்ட தகவலும் அடங்கியிருக்க வேண்டும், அதாவது முகவருக்குத் தெரிந்தது உண்மையாக இருக்க வேண்டும். இருமுறை இட்டாலும் ஒருமுறை இட்ட விடையே வர வேண்டும். நான்கும் சேர்ந்தால் இடவியலில் கணத்தின் அடைப்புக்காகக் கணிதவியலாளர் குராடோவ்ஸ்கி 1922-இல் வகுத்த நிபந்தனைகளின் வடிவம் வந்துவிடும். மெக்கின்சியும் டார்ஸ்கியும் 1944-இல் வளர்த்த இடவியல் இயற்கணிதம் ‘எஸ்4’ என்ற மோடல் தர்க்கத்தோடு இணைவதும் இந்த வழியில்தான்.

அழகாக இருக்கிறதே என்று அந்த இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். ‘தெரிந்தது உண்மை’ என்ற நிபந்தனை இருந்தால், ஒரு முகவரிடம் முரண்பாடு புகுந்ததும் மொத்த அமைப்பும் முரண்பாடாகிவிடும். அது இல்லாவிட்டால் முரண்பாட்டை அவருடைய வெளிக்குள்ளேயே அடைத்து வைக்கலாம். இருவர் நேரெதிர்த் தகவல் வைத்திருந்தாலும் அமைப்பு நிலைக்கும். பிழையான உணரிகளையோ பழைய தரவையோ நம்பும் முகவர்களுக்கு வெறும் வெளிச் சார்பே போதும் என்பது என் கருத்து.

குழுக் கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதலாமவரிடம் ‘அ’, இரண்டாமவரிடம் ‘அ எனில் ஆ’ இருக்கிறது. தனியே எவருக்கும் ‘ஆ’ தெரியாது, சேர்ந்தால் தெரியும். ஒவ்வொரு தகவலுக்கும் இரு சார்புகள் தரும் விடைகளின் மீப்பெரு கீழ்வரம்பை (இரண்டிலும் அடங்கிய தகவல்களில் மிகப் பெரியதை) மட்டும் எடுத்தால், ‘இருவரில் ஒருவருக்காவது தெரியும்’ என்பதே மிஞ்சும். அது பொதுவாகச் சேர்ப்பைக் காப்பதும் (மேலே சொன்ன இரண்டாம் விதி) இல்லை. வேண்டியது, இரண்டுக்கும் கீழே அமையும் வெளிச் சார்புகளில் மிகப் பெரியது. சேர்ந்தால் ‘ஆ’வைத் தரக்கூடிய எல்லா இணைகளையும் எடுங்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்றை முதலாமவர் வெளியிலும் மற்றதை இரண்டாமவர் வெளியிலும் இட்டு, வரும் விடைகளைச் சேருங்கள். இப்படிக் கிடைக்கும் அத்தனைக்கும் மீப்பெரு கீழ்வரம்பே உங்கள் விடை. முடிவுறு லாட்டிஸ் பங்கீட்டு விதிக்கு (எண்களில் பெருக்கல் கூட்டலின் மேல் விரிவதைப் போல, சேர்ப்பும் கீழ்வரம்பும் ஒன்றின் மேல் ஒன்று விரிய வேண்டும் என்ற விதி) உட்பட்டிருந்தால் இதை நம்பலாம்.

அளவுக்கு வருவோம். 20 அடிப்படைத் தகவல்கள் என்றால், ஒவ்வொன்றும் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம் என்பதால், 10,48,576 உலகங்கள். அந்தத் தகவல்களின் கணங்களை லாட்டிஸாகக் கொண்டாலும் உறுப்புகள் அத்தனையே. ஆனால் சார்பு சேர்ப்பைக் காப்பதால் 20 இடங்களில் மதிப்பைக் குறித்துவைத்தால் போதும். (‘அவருக்கு இது தெரியும்’ போன்றவையும் அந்த 20-க்குள் அடங்க வேண்டும், எத்தனை அடுக்கு வரை என்பதை நீங்களே வரையறுக்க வேண்டியிருக்கும்.) பதிலுக்கு ‘அல்லது’, ‘இல்லை’ இரண்டையும் இழக்கிறீர்கள். அவை வேண்டுமென்றால் அந்த 20 தகவல்களை ‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ கொண்டு இணைத்து வரும் பூலியன் இயற்கணிதம்தான். அங்கே உலகங்கள் வேறு பெயரில் திரும்பி வரும்.

இந்தச் சார்புகள் விளைவுகளையும் தாமே இழுத்து வருபவை: ஒன்று தெரிந்தால் அதிலிருந்து வருவிக்கக்கூடிய அனைத்தும் தெரிந்ததாகிவிடும். உங்கள் அனுமான நிரல் அவ்வளவு தூரம் போகாது என்றால், அதன் விதிகளைப் பயன்படுத்தி மேற்கொண்டு எதுவும் பெற முடியாத தகவல் கணங்களை மட்டும் லாட்டிஸின் உறுப்புகளாக்குங்கள். அப்படி அமைத்த லாட்டிஸ் பங்கீட்டு விதியை மீறக்கூடும். குழுக் கணக்கைத் தொடங்குமுன் அதைச் சோதித்துவிடுங்கள்.